பறவைகளைப் படம் பிடித்தல்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அண்மையில், வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. வேடர் தங்கிய இடம் என்பது அப்பெயரின் பொருள் என்பர். பெயர் வேட்டையைக் குறிப்பினும், ஊராரின் செயல் அதற்கு நேர்மாறானது. அவ்வூர் ஏரியில் நீரிடையே நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. வெள்ளையர் படையினர் அப்பறவைகளைச் சுட்டபொழுது ஊர் மக்கள் செங்கற்பட்டு ஆட்சியாளரிடம் சென்று முறையிட்டனர் என்றும், அவர் 1798-ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து வடிவில் அவர்களுக்கு அளித்தார் என்றும் கூறுவர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் நெற்பயிருக்கு நல்லுரமாவதை அம்மக்கள் அறிந்திருந்தனர். தீபாவளி நாளிலும் அவ்வூரார் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். 1936-இல் அரசு அவ்வேரியைப் பறவைகளின் புகலிடமாக ஏற்றது. 2022-இல் அது உலகின் சிறப்புமிக்க ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

துப்பாக்கிக்கு இடமில்லாத அவ்வேரிக்கரையில் இன்று எங்கு நோக்கினும் காமிராக்கள் காணப்படுகின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் விடுமுறை நாள் ஒன்றில் அங்குச் செல்வோர், கரையின்மீது நூற்றுக்கணக்கானோர் நின்று படம் பிடிப்பதைக் காணலாம். ஆயினும் வீடு திரும்பியபின் தம் படங்களைப் பார்த்து மகிழ்வோர் அவருள் சிலரே. பச்சை மரத்தின்மேல் வெண்புள்ளிகள் சில. வானத்தில் கரும்புள்ளிகள் சில. இவ்வளவே பலருடைய படங்களில் எஞ்சுகின்றன. கருவி விலை குறைந்தது என்பதனால் மட்டும் இக்குறை நேர்வதில்லை. விலையுயர்ந்த கருவி உடையோரும் இவ்வாறே ஏமாந்து திரும்புகின்றனர். அவர்கள் காமிராவை நன்கு அறிந்திருப்பர், பறவையை அறிந்திரார்.

பறவையின் நாள் ஓர் ஒழுங்குடன் நடைபெறுகிறது. நத்தைகுத்தி நாரை காலையில் வயல்களை நோக்கிப் புறப்படுகிறது. இடையிடையே குஞ்சுகளுக்கு இரை கொண்டு மீள்கிறது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நீரில் மூழ்கி மீன் பிடித்தபின், கிளைமேல் அமர்ந்து சிறகுகளை விரித்து உலர்த்துகின்றன. அவ்வேளையில் அவை நெடுநேரம் அசையாதிருக்குமாதலின், புதிதாகப் படம் பிடிக்கக் கற்போருக்கு அவற்றினும் ஏற்றவை வேறில்லை. வக்கா என்னும் இராக்கொக்கோ பகலெல்லாம் இலைச் செறிவில் உறங்கியிருந்து, பிற பறவைகள் திரும்பும் மாலையில் தான் இரை தேடப் புறப்படுகிறது. எந்தப் பறவை எந்தக் கிளைக்கு மீண்டும் வருகிறது என்பதை அரைமணி நேரம் வாளா நோக்கியிருந்தால் கண்டுகொள்ளலாம். அதன்பின் காமிராவை அக்கிளையை நோக்கி நிறுத்திக் காத்திருந்தால் போதும். பறக்கும் பறவையைத் துரத்தித் துரத்திக் கருவியைத் திருப்புவோனைக் காட்டிலும், அது வந்து அமரும் இடத்தை அறிந்தவனுக்கே நல்ல படம் கிடைக்கும்.

பறவை எழப்போவதையும் முன்னரே உணரலாம். எழுமுன் அது பெரும்பாலும் உடலை முன்னே சாய்க்கும். எச்சமிட்டு உடற்சுமையைக் குறைத்துக்கொள்ளும். இவ்வடையாளத்தைக் கண்டவுடன் விரல் பொத்தானின்மேல் இருத்தல் வேண்டும். காலம் நோக்கி அடங்கியிருப்பதற்கும், காலம் வாய்த்தவுடன் தவறாது செயற்படுவதற்கும் வள்ளுவர் கொக்கையே உவமையாகக் காட்டினார் என்பது நாம் அறிந்ததே. கொக்கைப் படம் பிடிப்போனும் அதனிடமிருந்தே அத்திறத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது!

இனி ஒளியைப் பற்றிக் காண்போம். கதிரவன் எழுந்தபின் இரண்டு மணி நேரமும், மறைவதற்கு முன் இரண்டு மணி நேரமும் படத்திற்கு உகந்த வேளைகளாம். அப்பொழுது ஒளி பக்கவாட்டில் தாழ்ந்து வருவதால் இறகுகளின் வரிகள் தெளிவாகத் தோன்றும். பறவையின் கண்ணில் ஓர் ஒளித்துளி மின்னும். அத்துளி இல்லாத கண், படத்தில் உயிரற்றதுபோல் தோன்றும். நண்பகலிலோ ஒளி உச்சியிலிருந்து விழுகின்றது. முதுகு வெளிறும், வயிறும் சிறகின் அடிப்பக்கமும் கருநிழலில் மறையும். மேலும், வெயில் ஏற ஏறச் சூடேறிய காற்று நிலத்தை அடுத்து நெளியத் தொடங்கும். தொலைவிலுள்ள பறவையை அந்நெளிவின் ஊடே படம் பிடித்தால் எத்தகைய உயர்ந்த கருவியாலும் தெளிவான உருவத்தைப் பெற இயலாது. குற்றம் கருவியினுடையது என எண்ணி அதனை மாற்றியவரும் உளர்!

கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்பது பொது விதி. இதனுடன் காற்றையும் கருதுதல் வேண்டும். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும். காற்றை எதிர்த்தே வந்து இறங்கும். ஆகவே காற்று நம் முதுகிற் படுமாறு நின்றால், பறவைகள் நம்மை நோக்கி முகங்காட்டி வரும். மாறி நின்றால் அவற்றின் வாலையே படம் பிடிக்க நேரும். வேடந்தாங்கலில் பறவைகள் மிகுந்திருக்கும் காலம் வடகிழக்குப் பருவக்காற்றின் காலமாகும். எனவே காலை வேளையில் மரங்களுக்குக் கிழக்கே நிற்க இடம் வாய்த்தால், ஒளி, காற்று ஆகிய இரண்டும் ஒருங்கே துணைபுரியும். அத்தகைய இடம் எப்பொழுதும் கிட்டுவதில்லை. கிட்டாதபோது கதிரவனை எதிர்த்தும் படம் பிடிக்கலாம். விரித்த வெண்சிறகின் ஊடே ஒளி புகுந்து வருவது தனி அழகுடையது.

வெண்ணிறப் பறவைகளைப் படம் பிடிப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காமிரா தானே ஒளியை அளந்து, எவ்வளவு ஒளி உள்ளே புக வேண்டும் என்பதை முடிவு செய்கின்றது. ஆனால் அதற்குத் தான் காணும் பொருள் இன்னதென்று தெரியாது. எதிரே உள்ளவை யாவும் சேர்ந்து நடுத்தரமான சாம்பல் நிறமாக இருக்கும் என்று அது கொள்கின்றது. கரும்பச்சை இலைகளின் நடுவே ஒரு வெண்கொக்கு சிறிதாகத் தெரிகிறது என வைத்துக்கொள்வோம். காமிரா இலைகளின் இருளைக் கண்டு மிகுந்த ஒளியை உட்புக விடும். அதனால் இலைகள் வெளிறும்; கொக்கோ இறகு வரிகள் ஒன்றுமின்றி வெள்ளைத்தாளின் துண்டுபோல் ஆகிவிடும். இவ்வாறு அழிந்துபோன வரிகளைப் பின்னர் எவ்வகையாலும் மீட்க இயலாது. எனவே இவ்விடத்து நாம் காமிராவின் கணக்கைத் திருத்தி ஒளியைக் குறைத்தல் வேண்டும். வெண்மேகம் பரந்த வானத்தின் எதிரே கரிய நீர்க்காகம் அமர்ந்திருக்கும்போது இதற்கு மாறாக ஒளியைக் கூட்டுதல் வேண்டும். அன்றேல் அது வெறும் நிழலுருவாகவே தோன்றும். இக்காலத்துக் காமிராக்களில் எடுத்த படத்தை உடனே பார்க்கலாம். முதற்படத்தை எடுத்தவுடன் வெள்ளை இறகில் வரிகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் ஒரு நாள் உழைப்பு வீணாகாது.

பறக்கும் பறவையின் உருவம் கலங்காமலிருக்க, ஷட்டர் என்னும் கதவம் மிகக் குறைந்த நேரமே திறந்திருத்தல் வேண்டும். எவ்வளவு குறைந்த நேரம் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். கொக்கு ஒன்று விநாடிக்கு 10 மீட்டர் பறப்பதாகக் கொள்வோம். கதவம் விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் கொக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், உருவம் கலங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால், அது நகர்வது ஒரு சென்டிமீட்டரே. சிறகின் நுனி உடலினும் விரைந்து அசையுமாதலின், இரண்டாயிரத்தில் ஒரு பங்கு எனக் கொள்ளுதல் இன்னும் நன்று. அமர்ந்துள்ள பறவைக்கு இத்துணை விரைவு வேண்டியதில்லை.

வில்லை, அதாவது லென்ஸ், பெரிதாயிருக்க வேண்டுமென்பதன் காரணத்தையும் கணக்கே விளக்கும். 80 சென்டிமீட்டர் உயரமுள்ள பறவை ஒன்று 40 மீட்டர் தொலைவில் நிற்கிறது எனக் கொள்வோம். 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லையால் காமிராவினுள் விழும் அதன் உருவம் ஒரு மில்லிமீட்டர் உயரமே இருக்கும். 400 மில்லிமீட்டர் வில்லையானால் அதுவே 8 மில்லிமீட்டர் ஆகும். பறவையின் உருவம் எட்டு மடங்கு பெரிதாவதுபோலவே, நம் கை நடுக்கமும் எட்டு மடங்கு பெரிதாகும். அதனால் 400 மில்லிமீட்டர் வில்லையைக் கையில் ஏந்திப் படம் பிடிப்போர் விநாடியில் நானூறில் ஒரு பங்கினும் மிகுந்த நேரம் கதவத்தைத் திறந்து வைத்தலாகாது என்பது பழைய வழக்கு. நடுக்கத்தைத் தானே ஈடுசெய்யும் பொறி இக்காலத்து வில்லைகள் பலவற்றில் அமைந்துள்ளது. ஆயினும் முக்காலியோ, அஃது இல்லாதபோது மணல் நிரப்பிய சிறு பையோ தரும் உறுதியை நான் பெரிதும் விரும்புகிறேன். குவிப்பைப் பறவையின் கண்ணில் நிறுத்துக. கண் தெளிவாயிருந்தால் வால் சற்றே மங்கியிருப்பதை யாரும் பொருட்படுத்தார்.

இவையெல்லாம் கருவி பற்றியவை. இவற்றைச் சில வாரப் பயிற்சியால் யாரும் கற்கலாம். அஞ்சிய பறவைக்கும் அஞ்சாத பறவைக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதற்கோ நெடுங்காலம் வேண்டும். அஞ்சிய பறவை கழுத்தை நிமிர்த்தும். இறகுகளை உடலோடு ஒட்ட ஒடுக்கும். உண்பதை நிறுத்தி நம்மையே நோக்கும். இந்நிலையில் எடுத்த படம் எவ்வளவு தெளிவாயிருப்பினும், அதில் பறவையின் வாழ்க்கை இல்லை; அச்சமே உளது. அஞ்சாத பறவை இரை தேடும், இறகு கோதும், துணையுடன் அலகு தட்டும். நாம் காண விரும்புவது இதனையே அன்றோ? ஆகையால் பறவை கழுத்தை நிமிர்த்தியவுடன் நாம் நின்றுவிட வேண்டும். அது மீண்டும் தன் தொழிலைத் தொடங்கவில்லையெனில், வந்த வழியே சில அடிகள் பின்வாங்க வேண்டும். வேடந்தாங்கலில் கரை ஓர் எல்லையாக நின்று நம்மைத் தடுத்துவிடுகிறது. நம் ஊர்க் குளத்திலும் வயல்வெளியிலும் அவ்வாறு தடுப்பார் இலர். ஆதலின் நம்மை நாமே தடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கூடுகளின் அருகில் செல்வதால் விளையும் கேடு பெரிது. முட்டையையும் குஞ்சையும் காக்கும் பறவை, குளிருக்காக மட்டும் அவற்றின்மேல் அமர்வதில்லை. வெயிலேறும்போது தாயோ தந்தையோ சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்குக் குடையாகின்றது. படம் பிடிக்க ஒருவர் நெருங்கினால் அப்பறவை எழுந்து பறந்துவிடும். அவர் ஐந்து நிமிடம் நின்று அகன்றுவிடுகிறார். அந்த ஐந்து நிமிடத்தில் இறகு முளைக்காத குஞ்சின் உடலை வெயில் தாக்குகிறது. காத்திருந்த காகம் முட்டையைக் கவர்ந்து செல்கிறது. சிலர் கூடு நன்றாகத் தெரிய வேண்டுமென்று அதனை மறைக்கும் சிறு கிளைகளை ஒடிப்பர். அவருடைய கண்ணுக்குத் தெரியும் கூடு பருந்தின் கண்ணுக்கும் தெரியும் என்பதை அவர் எண்ணுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குக் கூறப்பட்டுள்ள விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளைச் சிதைப்பதும் கூடுகளைக் கலைப்பதும் அடங்கும். கையில் காமிரா இருப்பதனால் மட்டும் ஒருவர் வேட்டைக்காரர் அல்லர் என்று சொல்லிவிட முடியாது. இயற்கைப் படப் போட்டிகள் பலவற்றில் இக்காலத்தில் கூடுகளின் படங்களை ஏற்பதில்லை.

பறவை அஞ்சாதவாறு அதனை அணுகுவதற்கு மனிதர் கையாண்ட வழிகள் சுவையானவை. இங்கிலாந்து நாட்டில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் வாழ்ந்தனர். 1895-இல் அவர்கள் வெளியிட்ட நூலே பறவைக் கூடுகளை இயற்கைச் சூழலில் எடுத்த நிழற்படங்களால் முற்றும் விளக்கிய முதல் நூலாகும். பறவைகள் மேயும் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதை அவர்கள் கவனித்தனர். உடனே 1900-ஆம் ஆண்டில் ஒரு காளையின் தோலைப் பெற்று, உள்ளே மரச்சட்டம் அமைத்து, ஆள் ஒருவர் காமிராவுடன் புகுந்து நிற்கக்கூடிய பொய்க்காளை ஒன்றைச் செய்தனர்! அதனுள் நின்று படம் பிடிப்பது எவ்வளவு புழுக்கமாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். எருமையின் முதுகில் உண்ணிக்கொக்கு அமர்ந்து செல்வதை நாள்தோறும் காணும் நமக்கு அவர்களுடைய எண்ணம் வியப்பளிக்காது. நாம் பொய்க்காளை செய்ய வேண்டியதில்லை. மங்கிய பச்சை அல்லது மண்ணிற உடை, ஒரு புதரின் நிழல், அசையாமை ஆகிய மூன்றும் போதும். நின்றுகொண்டிருக்கும் காருக்குள் இருந்தும் படம் பிடிக்கலாம். வண்டியைக் கண்டு அஞ்சாத பறவை, அதிலிருந்து இறங்கும் மனிதனைக் கண்டவுடன் பறந்துவிடும்.

எரிக் ஹாஸ்கிங் என்னும் மற்றோர் ஆங்கிலேயர் 1937-இல் வேல்ஸ் நாட்டில் ஆந்தையின் கூட்டருகே இரவில் படம் பிடிக்கச் சென்றார். குஞ்சுகளைக் காத்துநின்ற ஆந்தை இருளில் ஓசையின்றிப் பாய்ந்து அவர் முகத்தில் தாக்கியது. அவர் தம் இடக்கண்ணை இழந்தார். எஞ்சிய ஒரு கண்ணுடன் மேலும் பல ஆண்டுகள் அவர் பறவைகளைப் படம் பிடித்துப் புகழ்பெற்றார். அவருடைய உறுதி போற்றத்தக்கது. ஆயின் அவ்விரவில் ஆந்தையின்மேல் குற்றம் ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம் படிக்கும் மாணவர், 400 மில்லிமீட்டர் வில்லைக்கு நாம் எங்கே போவது என்று கேட்கலாம். அதன் விலை பெரிது என்பது உண்மையே. கைப்பேசியில் உள்ள காமிராவைக் கொண்டு தொலைவிலுள்ள பறவையைப் பிடிக்க முயல்வது பெரும்பாலும் வீண். திரையை விரலால் விரித்து உருவத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகளே பெரிதாகின்றன, தெளிவு கூடுவதில்லை. தொலைநோக்கி ஒன்று கிடைத்தால், அதன் கண்ணாடியோடு கைப்பேசியைப் பொருத்திப் பிடித்து ஓரளவு நல்ல படம் எடுக்கலாம். அதுவும் இல்லையேல் அண்மையிலுள்ளவற்றை நாடுக. எறும்பின் வரிசை, பனித்துளி கோத்த சிலந்தி வலை, மழைக்குப்பின் முளைத்த காளான், ஓணானின் தாடை ஆகியவை கைப்பேசிக்கு எட்டுவனவே. அவற்றை மேலிருந்து எடுக்காமல், தரையில் முழங்கையை ஊன்றி அவற்றின் கண்மட்டத்திலிருந்து எடுத்தல் வேண்டும். அவ்வாறு எடுத்தால் எறும்பும் யானைபோல் பெருமிதத்துடன் தோன்றும்.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் அவர்களை இங்கு நினைத்தல் பொருந்தும். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை இயற்றிய அ. மாதவையாவின் மைந்தர் இவர். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். பறவைகளையும் விலங்குகளையும் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். காட்டு யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். அவர் கையாண்ட காமிரா கடையில் வாங்கிய முழுக்கருவி அன்று. ஒரு கருவியின் உடலையும் வேறொன்றின் வில்லையையும் தாமே இணைத்து அமைத்துக்கொண்டது. அதனைப் பார்த்தோர் வியந்தனர். சிலர் நகைத்தும் இருப்பர். அவரோ விலங்கு எங்கே வரும், எப்படித் திரும்பும் என்பதை அறிந்திருந்தார்.

மாலையில் வேடந்தாங்கலில் ஒளி குறையும்போது பலர் காமிராவை மூடிவிடுகின்றனர். அவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம். கதிரவன் மறைந்தபின் மேற்கு வானம் கால்மணி நேரம் செந்நிறமாக ஒளிர்கின்றது. அப்பொழுது ஒளியை மரத்தில் அளவாமல் வானத்தில் அளந்து, அவ்வளவிலேயே கருவியை நிறுத்திக்கொள்ள வேண்டும். மரங்களும் பறவைகளும் கருநிழல்களாகும். நத்தைகுத்தி நாரையின் அலகிடையே உள்ள சிறு இடைவெளியும், பாம்புத்தாராவின் வளைந்த கழுத்தும், கூழைக்கடாவின் பையுடைய அலகும் அந்நிழலுருவிலேயே தெளிவாக விளங்கும். இதற்குப் பெரிய வில்லையும் வேண்டா, கைப்பேசியாலும் இயலும். கூட்டங்கூட்டமாகப் பறவைகள் வந்து இறங்கும்பொழுது, வக்காக்கள் ஒவ்வொன்றாய் இலைச் செறிவிலிருந்து வெளிப்பட்டு எதிர்த்திசையில் செல்லத் தொடங்கும். அவற்றின் குரல் மட்டும் கேட்கும் அளவிற்கு இருள் வந்தபின், மின்னொளியைப் பாய்ச்சிப் படம் பிடிக்க முயலாமல் கரையைவிட்டு இறங்கிவிடுதல் வேண்டும்.